முதல் ஆறு மாதம்: கைக்குழந்தைக்கு எந்தச் சாமான் வேண்டும், எது வேண்டாம்

பிள்ளை பிறக்கும் முன் எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது நம் பக்கம் பல வீடுகளில் வழக்கம். அதனால் வாங்குவதெல்லாம் பிரசவம் ஆன அன்றோ மறுநாளோ, மருத்துவமனை வாசலில் உள்ள மருந்துக்கடையில் அவசரமாக நடக்கிறது. கடைக்காரர் எடுத்துப் போடுவதுதான் பட்டியல். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் பால்புட்டி மூன்று, பவுடர் டப்பா, தொப்பியும் காலுறையும் சேர்ந்த செட், கடுகுத் தலையணை எல்லாம் இருக்கும். காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் மட்டும் இருக்காது.

கைக்குழந்தைச் சாமான்களில் விலைக்கும் தேவைக்கும் சம்பந்தம் கிடையாது. மின்சாரத் தொட்டில் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மருந்து ஊற்றும் சிரிஞ்சு தவறாக இருந்தால் பெரிய ஆபத்து. கீழே சொல்வதையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறோம்: அளவு தப்பினால் கெடுதல் செய்பவற்றுக்கு அதிக இடம், பகட்டுச் சாமான்களுக்கு ஓரிரு வரி.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் கடைக்குப் போகும் முன் அங்கே தரும் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டில் 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, உடை, சிறு மெத்தை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கை கழுவும் திரவம் என்று 16 பொருள்கள் வைத்தார்கள். கூடவே இருந்த சௌபாக்கிய சுண்டி லேகியம் தாய்க்கு. குழந்தையின் நாக்கில் தடவ அல்ல.

துணி

நாப்பிக்குப் பழைய பருத்தி வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. துவைத்துத் துவைத்து நைந்ததாக இருக்க வேண்டும், ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் நூல் பிரிந்து ஓட்டை தெரியக் கூடாது. எட்டு முழ வேட்டி ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளம். கரையை வெட்டி எறிந்துவிட்டு (ஜரிகை தொடையை அறுக்கும்) 60 செ.மீ. சதுரமாக நறுக்கினால் 12 துண்டு தேறும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 12 முதல் 15 துணி மாற்ற வேண்டிவரும். வெயில் காலத்தில் 30 துண்டு போதும். ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் என்றால் துணி காய இரண்டு நாள் ஆகும், 45 துண்டு கிழித்து வையுங்கள். கஞ்சி போட்ட வேட்டியானால் வெந்நீரில் ஊறப்போட்டு, மொடமொடப்பு போகும் வரை அலசிய பிறகுதான் நறுக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய துணி, கம்பளி, ஸ்வெட்டர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. பாச்சை உருண்டை வாசனை அடித்தால் அதைக் குழந்தைமேல் போடக் கூடாது. அந்த உருண்டையில் உள்ள நாஃப்தலீன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். தன் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. எனவே துவைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். அதற்கு மேலும் வாசனை இருந்தால் அந்தத் துணி பெட்டிக்கே திரும்பட்டும்.

கட்டும் முறை: சதுரத்தை முக்கோணமாக மடித்து, நீள விளிம்பு இடுப்புக்குப் பின்னால் வரும்படி குழந்தையைக் கிடத்தி, கீழ் முனையைக் கால்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, பக்க முனைகளோடு சேர்த்து ஒற்றை முடிச்சு. முடிச்சு தொப்புளுக்குக் கீழே இருக்க வேண்டும். தொப்புள் கொடியின் மிச்சம் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாக உதிரும். அதுவரை காற்றுப் பட்டு உலரட்டும். மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். சுற்றிலும் தோல் சிவந்தாலோ, நாற்றத்தோடு நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊக்கு குத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் மலம் தார் மாதிரிக் கருப்பாக ஒட்டும். துணி கட்டும் முன் பிட்டத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி வைத்தால் ஈரப் பஞ்சால் ஒரே துடைப்பில் வரும். இல்லாவிட்டால் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகும்.

துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றக் கூடாது. அது நூலின்மேல் படிந்து, துணி ஈரத்தை உறிஞ்சாமல் செய்துவிடும். கிருமிநாசினித் திரவத்தில் கடைசியாக முக்கி எடுப்பதும் வேண்டாத வேலை. அலசாமல் காயும் மருந்து தொடையில் எரிச்சலைக் கிளப்பும். சோப்பு முழுக்கப் போகும் வரை நல்ல தண்ணீர், பிறகு வெயில். மழைக்காலத்தில் லேசான ஈரம் இருந்தால் இஸ்திரிப் பெட்டி.

டயப்பர் கெட்ட பொருள் அல்ல; இரவுக்கும் பயணத்துக்கும் அது வசதி. வயதைப் பார்த்து வாங்காதீர்கள், உறைமேல் போட்டிருக்கும் எடையைப் பாருங்கள். தொடையில் சிவந்த வரி விழுந்தாலோ மலம் முதுகுப் பக்கம் பீறிட்டாலோ அடுத்த அளவுக்குப் போகும் நேரம். சிவந்துவிட்டால் துத்தநாக ஆக்ஸைடு உள்ள களிம்பைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிப்பாகப் பூசுங்கள். ஒவ்வொரு முறையும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம், அழுக்கை மட்டும் துடைத்து அதன்மேலேயே பூசலாம். மடிப்புக்குள் பளபளவென்று சிவந்து ஓரத்தில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கும். துத்தநாகக் களிம்பால் போகாது, மருத்துவர் வேறு களிம்பு எழுதுவார்.

துணி நாப்பியால் இன்னொரு லாபம், பால் போதுமா என்று அது காட்டிக்கொடுக்கும். ஐந்தாறு நாள் ஆன குழந்தை தாய்ப்பால் சரியாகக் குடித்தால் 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கும். டயப்பரில் இந்தக் கணக்கு பிடிபடாது. ஒரு புது டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி, அதாவது 45 மி.லி. தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். நனைந்த டயப்பரின் கனம் எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிடும்.

பால் கொடுக்க

தாய்ப்பால் நன்றாக இறங்கும் வீட்டில் முதல் ஆறு மாதத்துக்கு உணவு சம்பந்தமாக எந்தச் சாமானும் தேவையில்லை. தண்ணீர்கூட வேண்டாம், அக்னி நட்சத்திரமானாலும் சரி. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். பால் கொடுக்கத் தனித் தலையணை எதற்கு? வீட்டுத் தலையணை இரண்டை மடியில் அடுக்கி, குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்தால் போதும். தாய் குனியக் கூடாது, அவ்வளவுதான்.

பீய்ச்சி எடுத்த பாலைக் கொடுக்க நம்மிடம் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணம், இருக்கிறது. சங்கு என்பதும் அதே குடும்பம்தான். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாங்கும்போது வேலைப்பாடு இல்லாத, ஒட்டு இல்லாத, ஒரே தகட்டில் அடித்த எவர்சில்வரைத் தேடுங்கள். சீர் வரும் வெள்ளிச் சங்கில் செதுக்கலும் ஒட்டும் இருக்கும், அந்த இடுக்கில் பால் தங்கிப் புளிக்கும். அதைப் பூஜை அறையில் வைத்துக்கொள்ளலாம்.

கொடுக்கும் விதம் முக்கியம். குழந்தை நன்றாக விழித்திருக்க வேண்டும். மடியில் பாதி நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தையும் தலையையும் ஒரு கையால் தாங்குங்கள். பாலாடையை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். பாலாடையின் மூக்கு முனையைக் கீழுதட்டின் மேல், வாயின் ஓரமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்துப் பிடியுங்கள். குழந்தை நாக்கை நீட்டி உறிஞ்சும், விழுங்கும், கொஞ்சம் நிறுத்தும். விழுங்கிய பிறகே அடுத்த சாய்ப்பு. பாலை வாய்க்குள் ஊற்றவே கூடாது. மல்லாக்கக் கிடத்தி, கன்னத்தை அழுத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றுவதுதான் பழைய சங்குப் பழக்கத்தின் கேடு. பால் மூச்சுக்குழாய்க்குள் போவது அப்படித்தான். முகத்தைத் திருப்பினால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பயன்படுத்தியதும் சோப்பால் கழுவி, மூழ்கும் அளவுத் தண்ணீரில் மூடி போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தப் பாத்திரத்திலேயே விட்டுவையுங்கள்.

பம்ப் வாங்குவதானால் பிரசவத்துக்கு முன் வேண்டாம். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலோ, மருத்துவர் சொன்னாலோ தவிர முதல் மூன்று நான்கு வாரத்துக்கு அது தேவைப்படாது. தனியார் வேலையில் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வார விடுப்பு 2017-லிருந்து சட்டத்தில் இருக்கிறது, தமிழ்நாடு அரசுப் பணியில் 12 மாதம். வேலைக்குத் திரும்ப ஒரு மாதம் இருக்கும்போது வாங்கிப் பழகினால் போதும்.

வாங்கிய பம்ப் வலித்தால் பெரும்பாலும் குற்றம் மார்பில் பொருந்தும் புனலின் அளவில். பெட்டியோடு வருவது 24 அல்லது 28 மி.மீ.; பலருக்கு அது பெரிது. காம்பின் அடியில், கருவளையத்தைச் சேர்க்காமல் குறுக்களவு எடுங்கள். அதைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலான புனல் சரி. காம்பு சுவரில் உரசி வெளுத்தால் புனல் சிறிது, கருவளையமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரிது. நன்றாக ஓடிய பம்ப் திடீரென்று இழுக்காமல் போனால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் வாத்து அலகு போன்ற சிலிக்கான் வால்வைக் கழற்றிப் பாருங்கள். அதன் கீறல் வாய் மூடியபடி இருக்க வேண்டும். பிரஷ் விட்டுத் தேய்த்தால் கீறல் அகன்று காற்று ஒழுகும். அதற்குச் சோப்பு நீரும் விரலும் போதும். வால்வு மட்டும் தனியாகக் கிடைக்கும், ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பீய்ச்சி எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. சித்திரையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்கு அது செல்லாது, எடுத்த கையோடு ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே ஆழமாக வைத்தால் நான்கு நாள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்பி மாதக்கணக்கில் சேமிக்க முடியாது, இரண்டு வாரம்தான். ஆறு மாதம் என்பது தனிக் கதவு உள்ள ஃபிரீசருக்கு. 60 முதல் 90 மி.லி. வரை சிறு சிறு பாத்திரமாக, தேதி எழுதி வையுங்கள். அடுப்பில் நேராகச் சுட வைக்கக் கூடாது, மைக்ரோவேவும் ஆகாது. வெந்நீர் உள்ள கிண்ணத்தில் வைத்து, மேலே ஒதுங்கிய கொழுப்பு கலக்கும்படி மெல்லச் சுழற்றுங்கள். சூடாக்கியது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள்.

பவுடர் பால் மருத்துவர் எழுதினால் மட்டும். பால்புட்டிக்கும் பவுடர் பாலுக்கும் விளம்பரம், இலவச மாதிரி, தள்ளுபடி எதுவும் கூடாது என்று 1992-லேயே மத்தியச் சட்டம் வந்து, 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று யாராவது நீட்டினால் அது சட்டமீறல். கலக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு பவுடர். முதலில் பவுடரைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் தண்ணீரின் அளவு குறையும். பவுடர் கிருமியற்ற பொருள் அல்ல. ஆகவே கொதித்து அரை மணிக்குள் உள்ள, 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைத்து, பிறகு குழாய் நீரில் பாத்திரத்தைப் பிடித்து ஆற வையுங்கள். பெரும்பாலான டப்பாக்களில் 30 மி.லி.க்கு ஒரு தட்டைக் கரண்டி. உங்கள் டப்பாவில் அச்சிட்டதுதான் கணக்கு. சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டினால் எடை ஏறாது, ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். கரண்டியைக் கூம்பாக அள்ளினால் மலச்சிக்கலும் நீர்ச்சத்துக் குறைவும்.

தெர்மாமீட்டரும் சிரிஞ்சும்

இந்த இரண்டும் இல்லாத வீட்டில் வேறு எந்தச் சாமானும் வாங்க வேண்டாம், முதலில் இதை வாங்குங்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர், நுனி வளையக்கூடியதாக இருந்தால் நல்லது. பாதரசக் குழாய் வேண்டாம், உடைந்தால் பாதரசத்தைப் பொறுக்கி எடுக்க முடியாது. நெற்றிக்கு நேரே பிடிக்கும் அகச்சிவப்புக் கருவி வியர்வையிலும் ஏ.சி. காற்றிலும் முன்பின் காட்டும், கைக்குழந்தைக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. குளிப்பாட்டியதும், கம்பளியில் சுற்றியிருந்ததும் உடனே அளக்காமல் 15, 20 நிமிடம் விடுங்கள். அக்குளைத் துடைத்து உலர்த்தி, நுனியைக் குழியின் நடுவில் வைத்து, கையைக் கீழிறக்கி உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். பீப் சத்தம் வரும் வரை எடுக்கக் கூடாது. நுனி துணியில் பட்டிருந்தால் அளவு குறைவாக வரும். நடு இரவில் பாதிப் பேர் செய்யும் தவறு அதுதான்.

அக்குளில் 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 99.5-ஐத் தாண்டினால் போர்த்தியதைத் தளர்த்தி, அரை மணியில் மறுபடி அளந்து மருத்துவரிடம் பேசுங்கள். 100.4 என்றால் பேச்சே வேண்டாம், மருந்து கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போகவும், இரவு இரண்டு மணியானாலும். அந்த வயதில் காய்ச்சல் ஒன்றே கடும் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். 97.7-க்குக் கீழே இறங்குவதும் கவலைதான். தாயின் வெறும் மார்போடு குழந்தையை அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறாவிட்டாலோ, குழந்தை பால் குடிக்கச் சோம்பினாலோ கிளம்புங்கள்.

அடுத்தது மருந்து அளவு. பாராசிட்டமால் மூன்று நான்கு அடர்த்தியில் வருகிறது. சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.யில் 100 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.யில் 120, 125 அல்லது 250 மி.கி. ஐந்து கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் மருத்துவர் எழுதினால் 75 மி.கி. அது சொட்டு மருந்தில் 0.75 மி.லி., 120 சிரப்பில் சற்றேறக்குறைய 3 மி.லி., 250 சிரப்பில் 1.5 மி.லி. சிரப்புக்குச் சொன்ன 3 மி.லி.யை யாராவது சொட்டு மருந்திலிருந்து எடுத்தால் 300 மி.கி. உள்ளே போகும், நான்கு மடங்கு. கல்லீரலுக்கு அது சின்ன விஷயமல்ல. கடையில் ஒரு பிராண்டு இல்லையென்று வேறொன்று தந்தால் பெயரைப் பார்த்துத் திருப்தியடையாமல் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்ற வரியைப் படியுங்கள். மருந்துச் சீட்டில் மி.லி. மட்டும் எழுதியிருந்தால் எந்த அடர்த்திக்கு என்று கேட்டு அங்கேயே எழுதி வாங்குங்கள். வைட்டமின் டி சொட்டிலும் இதே கதை. நாளைக்கு 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் அலகு) என்பது வழக்கம், ஒரு பாட்டிலில் அது 1 மி.லி., இன்னொன்றில் அரை மி.லி.

வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு பாட்டிலின் சொட்டுக்குழாயை இன்னொன்றில் போட்டால் அளவே மாறும். 1 மி.லி., 5 மி.லி. என இரண்டு வாய்வழி சிரிஞ்சு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஊசியில்லாத சாதாரண சிரிஞ்சு போதும். நுனியில் சின்ன மூடி இருந்தால் அதைக் கழற்றிக் குப்பையில் போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும், தொண்டையில் சிக்கக்கூடிய அளவு அது. மருந்தை இழுத்து, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, கண் மட்டத்தில் வைத்துக் கோட்டைப் பாருங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, நுனியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து, கால் மி.லி. கால் மி.லி.யாகத் தள்ளுங்கள். நாக்கின் நடுவில் பீய்ச்சினால் புரையேறும்.

தூளியும் கொசுவலையும்

தூளி பற்றிப் பாட்டிமாருக்கும் குழந்தை மருத்துவர்களுக்கும் ஒத்துப்போகாது. மருத்துவர்கள் சொல்வது நேரானது: தட்டையான, அழுத்தமான படுக்கை, மல்லாக்கப் படுக்க வேண்டும், பக்கத்தில் தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் கூடாது. தூளியில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டும். கழுத்து நிற்காத குழந்தைக்கு மூச்சுப்பாதை மடங்க இடமுண்டு. இரவுத் தூக்கம் தூளியில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்தும். ஆனால் அழும் பிள்ளையைப் பகலில் ஆட்டித் தூங்கவைக்க அதற்கு ஈடில்லை என்பதும், எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள் என்பதும் தெரியும். ஆகவே கட்டும் முறையைச் சொல்கிறோம்.

நூல் சேலையாக இருக்கட்டும்; செயற்கை இழை வழுக்கும், வியர்க்கும். இரண்டாக மடித்து, உத்திரத்திலோ கான்கிரீட்டில் பதித்த கொக்கியிலோ கட்டுங்கள். ஜன்னல் கம்பியும் திரைச்சீலைக் குழாயும் ஆகாது. கட்டியதும் பத்து கிலோ அரிசிப் பையைப் போட்டு ஆட்டிப் பாருங்கள், முடிச்சு இறங்கினால் அப்போது தெரியும். துணி இரண்டு பக்கமும் முகத்தின்மேல் மூடாதபடி மேலே குறுக்குக் கட்டை வைப்பது கட்டாயம். அடிப்பகுதி தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போக வேண்டாம், கீழே பாய். ஸ்பிரிங் போட்டால் அது அறுந்தாலும் தாங்கும்படி கூடவே தனிக் கயிறு. தூங்கியதும் தூக்கிப் படுக்கையில் மாற்றுங்கள். நான்கைந்து மாதத்தில் குப்புற விழத் தொடங்கினால் தூளியின் காலம் முடிந்தது.

தூளியில் நடக்கும் மோசமான விபத்து பெரும்பாலும் கைக்குழந்தைக்கல்ல, அதன் அண்ணனுக்கோ அக்காவுக்கோ. காலியாகத் தொங்கும் சேலையில் ஏறிச் சுற்றி விளையாடும்போது கழுத்தில் முறுக்கிக்கொள்கிறது. குழந்தையை எடுத்த அந்த நிமிடமே துணியைச் சுருட்டிக் கைக்கு எட்டாத உயரத்தில் முடிந்து வையுங்கள்.

கொசுவலையில் அடிப்பக்கமும் துணி உள்ள, சிப் வைத்த கூடார வகையை வாங்குங்கள். குடை மாதிரி கவிழ்ப்பதில் தரைக்கும் விளிம்புக்கும் நடுவே கொசு நுழையும், புரளும் குழந்தையின் முகம் வலையில் ஒட்டும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, எனவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். கொசுவர்த்திச் சுருளைக் குழந்தை இருக்கும் அறையில் கொளுத்தாதீர்கள். கடுகுத் தலையணையால் தலை உருண்டையாகாது. குழந்தை விழித்திருக்கும்போது நம் கண் முன்னே குப்புறப் போட்டுப் பழக்கினால் தட்டை விழாது.

குளியல்

தொட்டி தேவையில்லை. கால் நீட்டி, பலகையில் உட்கார்ந்து, காலில் கிடத்திக் குளிப்பாட்டத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதுவே நல்ல முறை. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். மாற்றி ஊற்றும் வீட்டில்தான் ஒரு நாள் வெறும் வெந்நீர் மேலே போகும். முழங்கையை முக்கிப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. 37, 38 டிகிரி செல்சியஸ். ஐந்து நிமிடத்தில் முடித்து, தலையை முதலில் துவட்டுங்கள். எடை குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் வரை ஈரத் துணியால் துடைப்பு மட்டும்.

மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, மார்பைப் பிதுக்குவது மூன்றையும் குளிப்பாட்ட வருபவரிடம் முதல் நாளே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். பவுடர் நுரையீரலுக்குள் போகும். சாம்பிராணிப் புகையும் அப்படியே, தலை உலரத் துண்டு போதும். கண் மையில் ஈயம் கலந்திருக்கலாம். சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சித் தடவுவது இதில் எல்லாவற்றையும்விட ஆபத்து. கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். மூக்கடைப்புக்கு 0.65 சதவீத உப்புநீர்ச் சொட்டு, பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன் ஒவ்வொரு துளையிலும் ஒன்றிரண்டு சொட்டு. ரப்பர் உறிஞ்சியானால் முதலில் பந்தை அமுக்கி, பிறகு நுனியை வைத்து விடுங்கள். உள்ளே வைத்து அமுக்கினால் சளி மேலே ஏறும். நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கு வீங்கி அடைப்பு கூடும்.

வெளியே போக

கார் வைத்திருந்தால் கார் இருக்கை ஆடம்பரப் பட்டியலில் வராது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 14 வயதுக்குட்பட்டவரை வாரோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். மடியில் வைத்திருக்கும் குழந்தையை மோதும் கணத்தில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. கைக்குழந்தைக்கு 13 கிலோ வரை தாங்கும், பின்பக்கம் பார்த்த வகை, பின் சீட்டில். காற்றுப்பை உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வேண்டாம். தோள் வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். மாட்டி இறுக்கியபின் தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் தளர்வு. போர்வையை வாருக்கு மேலே போர்த்துங்கள், உள்ளே அல்ல. ஊர் வந்ததும் தூங்குகிறதே என்று இருக்கையிலேயே விடாமல் எடுத்துப் படுக்கையில் கிடத்துங்கள்.

இரு சக்கர வாகனத்தில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு வாரும், ஒன்பது மாதம் முதல் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி 15 முதல் இது விதி. ஒன்பது மாதத்துக்குக் கீழே கழுத்து கவசத்தின் கனத்தைத் தாங்காது. தடுப்பூசிக்கு ஆட்டோவில் போங்கள்.

உடம்போடு கட்டும் பையில் தொடைகள் விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.

தள்ளிவிட வேண்டியவை, கடன் வாங்குபவை

நடைவண்டி என்று விற்கும் சக்கர வாக்கரைப் பரிசாக வந்தாலும் பிரிக்காதீர்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. படிக்கட்டையும் அடுப்படியையும் நோக்கி வேகமாகக் கொண்டுபோகும். கனடாவில் 2004-லிருந்து விற்கவே தடை. மரத்தில் தள்ளிக்கொண்டு நடக்கும் நம்மூர் மூன்று சக்கர வண்டி வேறு, குழந்தை தானாக நிற்கத் தொடங்கியபின் அதைக் கொடுக்கலாம். கிரைப் வாட்டர், தேன் (ஒரு வயது வரை தொடக் கூடாது), காலணி, நீராவி ஸ்டெரிலைசர், ஈரத்துணி சூடாக்கும் பெட்டி எல்லாம் பணத்துக்குக் கேடு. வசம்பு வளையலின் கயிறு நைந்து மணி உதிர்ந்தால் நேரே வாய்க்குப் போகும்.

கிலுகிலுப்பை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பாட்டுப் பாடும் பொம்மையில் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியதா என்று பாருங்கள். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்தில் சுட்டுப் புண்ணாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள், வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள்.

உறவுக்காரர் வீட்டிலிருந்து வரும் துணி, கொசுவலை, தொட்டில் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். தொட்டிலில் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் வேண்டாம், உடம்பு நழுவித் தலை மாட்டும். பம்பில் பால் குழாய்க்குள் ஏறாதபடி தடுப்பு உள்ளதா என்று கேளுங்கள். இல்லாததைப் பகிரக் கூடாது, இருந்தாலும் புனல், வால்வு, குழாய் மூன்றும் புதிதாக வாங்க வேண்டும். கார் இருக்கை விபத்தில் சிக்கியதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. கொடுப்பவரை நன்றாகத் தெரியாவிட்டால், அல்லது அடியில் அச்சிட்ட காலாவதித் தேதி தாண்டியிருந்தால், இலவசமாக வந்தாலும் ஏற்காதீர்கள்.